எம்பிஏ-வுக்குச் சேர்ந்து தயாரான மூன்று நண்பர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு (2023–2025)

## பின்னணி

சென்னைப் புறநகரில் ஒரே பொறியியல் கல்லூரியில் 2016 முதல் 2020 வரை படித்த மூவர் பற்றிய பதிவு இது. 2023 ஜனவரியில் "மூணு பேரும் ஒரே வருஷத்துல எம்பிஏ போயிடணும்" என்று அவர்கள் முடிவெடுத்ததிலிருந்து 2025 ஜூன் வரை நடந்தவை இதில் உள்ளன. பெயர்களைத் தவிர்த்து ஊரைக் கொண்டு குறிப்பிடுகிறோம்.

சேலத்துக்காரர் மெக்கானிக்கல் படித்தவர். பெரிய ஐடி நிறுவனம் ஒன்றில் சப்போர்ட் பிராஜெக்ட்டில், பெரும்பாலும் இரவு ஷிஃப்ட்டில் வேலை. வீட்டில் விசைத்தறித் தொழில். தங்கையின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. பத்தாம் வகுப்பில் 500-க்கு 471, பன்னிரண்டில் 1200-க்கு 1098, பட்டப்படிப்பில் 7.2.

மதுரைப் பெண் இ.சி.இ. படித்து, ஒரு மென்பொருள் தயாரிப்பு நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இருந்தார். 488, 1149, 8.7. மூவரில் மதிப்பெண் அளவில் வலுவானவர் இவர்தான்.

கும்பகோணத்துக்காரர் ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். அப்பா பாத்திரக் கடை வைத்திருந்தார். 412, 889, 6.6. கணக்கில் மூவரில் இவரை விஞ்ச ஆளில்லை. எம்பிஏ பேச்சை முதலில் எடுத்தவரும் இவரே; குழுவுக்குத் தலைவர் என்று யாரும் சொல்லாவிட்டாலும் தலைவர் இவர்தான்.

ஆண்கள் இருவரும் மேற்குத் தாம்பரத்தில் ஒரே வாடகை வீட்டில் இருந்தார்கள். மதுரைப் பெண் வேளச்சேரியில் மகளிர் விடுதியில். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய் படிக்கும் பகுதியில், மூவரும் கூடிப் படிப்பார்கள்.

முதல் நாளே மூன்று ஒப்பந்தங்கள் செய்துகொண்டார்கள்: ஒரே ஆண்டில் எழுதுவது, ஒரே கல்லூரிப் பட்டியலுக்கு விண்ணப்பிப்பது, தேர்வுக்கு நான்கு மாதம் முன்பு வேலையை விடுவது. இந்த மூன்றில் முதலாவது அவர்களுக்கு நல்லது செய்தது. மற்ற இரண்டும்தான் பின்னால் வந்த சிக்கல்களுக்கெல்லாம் வேர்.

## ஜனவரி முதல் ஜூன் வரை: சேர்ந்து படித்தது

ஐஐஎம் எனப்படும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் உள்ளிட்டவற்றில் எம்பிஏ சேர எழுதும் நுழைவுத் தேர்வு கேட் (CAT). கேட் 2023-இல் 66 கேள்விகள், 120 நிமிடம். ஆங்கிலப் பகுதியான வி.ஏ.ஆர்.சி. 24, தரவும் தர்க்கமும் சேர்ந்த டி.ஐ.எல்.ஆர். 20, கணக்கு 22. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒன்று முடியாமல் அடுத்ததற்குப் போக முடியாது, வரிசையையும் மாற்ற முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண், நான்கில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்வியில் தவறினால் 1 கழியும். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குக் கழிவு இல்லை.

முதல் ஆறு மாதம் குழு நன்றாக ஓடியது. வேலைக்குப் போய் வந்து தனியாக உட்கார்ந்து படிப்பவர்களில் பெரும்பாலோர் மார்ச், ஏப்ரலிலேயே நின்றுவிடுவார்கள். இவர்கள் நிற்கவில்லை. ஞாயிறு காலை 9 மணிக்கு ஒருவர் நூலக வாசலில் காத்திருப்பார் என்ற கட்டாயமே போதுமானதாக இருந்தது. அடிப்படைக் கணக்குப் பாடங்களை மே மாதத்துக்குள் முடித்தார்கள். டி.ஐ.எல்.ஆரில் அவர்கள் கையாண்ட முறை யாரும் பின்பற்றத் தக்கது: ஒரே கேள்வித் தொகுப்பை மூவரும் தனித்தனியாக 15 நிமிடம் போடுவது, பிறகு விடையைப் பேசாமல், முதல் இரண்டு நிமிடத்தில் எந்த வரியைப் பிடித்து அட்டவணை போட்டோம் என்பதை மட்டும் ஒப்பிடுவது. எந்தத் தொகுப்பை எடுப்பது, எதை விடுவது என்ற கண் அப்படித்தான் பழகும்.

ஆனால் அதே மேசையில் இன்னொன்றும் நடந்தது. ஆங்கிலப் பத்தி கடினமாக இருந்தால் மதுரைப் பெண் படித்து, தமிழில் சாரத்தைச் சொல்லிவிடுவார். கும்பகோணத்துக்காரர் அதைக் கேட்டுவிட்டுக் கேள்விகளுக்கு விடை குறிப்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். கணக்கில் சேலத்துக்காரர் திணறினால் கும்பகோணத்துக்காரர் முதல் அடியைப் போட்டுக் கொடுப்பார். மூவருக்கும் தாங்கள் முன்னேறுவதாகவே தோன்றியது. ஒருவரின் பலவீனத்தை இன்னொருவர் தாங்கிக்கொண்டிருந்ததால், யாருடைய பலவீனமும் வெளியே தெரியவில்லை. குழுவாகப் படிப்பதில் வரும் குறைகளில் மிக ஆபத்தானது இதுதான் என்பது எங்கள் மதிப்பீடு. சோம்பலும் அரட்டையும் கண்ணுக்குத் தெரியும், திருத்திக்கொள்ளலாம். இது உதவியாகவே தோன்றும்.

## ஜூலை: வேலையை விடும் முடிவு

ஜூலை 10 அன்று கும்பகோணத்துக்காரர் ராஜினாமா கொடுத்தார். அவருடைய நோட்டீஸ் காலம் 60 நாள். இரண்டு நாள் கழித்துச் சேலத்துக்காரரும் கொடுத்தார்; அவருக்கு 90 நாள். மதுரைப் பெண் கொடுக்கவில்லை. "நீ மட்டும் சேஃப்டி பார்த்துக்கிட்டு இருக்க, நாங்க என்ன முட்டாளா?" என்று கும்பகோணத்துக்காரர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு நூலகத்தில் இருவர் மட்டும்தான்.

இந்தக் கட்டத்தில் சேலத்துக்காரர் தன் கல்லூரியில் நான்கு ஆண்டு முன்னால் படித்து, எம்பிஏ முடித்திருந்த ஒருவரிடம் ஆலோசனை கேட்டார். அந்த அண்ணன் அறிவுரை எதுவும் சொல்லாமல் மூன்று கேள்விகள் கேட்டார். வேலையை விட்டால் தினமும் எத்தனை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்? இப்போது மதிப்பெண் வராததற்கு நேரக் குறைவுதான் காரணமா? கேட் சரியாக வராவிட்டால் டிசம்பரில் வீட்டுச் செலவுக்கு என்ன வழி?

முதல் கேள்விக்கே கணக்கு இடித்தது. நோட்டீஸ் முடிந்து வெளியே வரவே அக்டோபர் 10 ஆகிவிடும். தேர்வு நவம்பர் 26. மொத்தம் ஆறேழு வாரத்துக்காகத்தான் வேலையை விடுகிறார். இரண்டாவது கேள்விக்கு மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) தாள்களைப் பார்த்தபோது தெரிந்தது: இரவு ஷிஃப்ட் முடிந்த வாரங்களில் வி.ஏ.ஆர்.சி. மதிப்பெண் சரிந்திருந்தது, பகல் ஷிஃப்ட் வாரங்களில் சரியவில்லை. குறைந்தது நேரம் அல்ல, தூக்கம். மூன்றாவது கேள்விக்கு அவரிடம் விடையே இல்லை.

ஜூலை கடைசி வாரத்தில் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார். மேலாளர் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், மாற்று ஆளை இன்னும் எடுக்கவில்லை என்பதுதான்; இன்னும் மூன்று வாரம் தாமதித்திருந்தால் அந்த வாய்ப்பு இருந்திருக்காது. திரும்பப் பெறும் கடிதத்தோடு, ஆகஸ்ட் முதல் பகல் ஷிஃப்ட் கேட்டும் எழுதினார். கிடைத்தது. சேர்த்து வைத்திருந்த விடுப்பில் 12 நாளை நவம்பர் இரண்டாம் பாதிக்கு ஒதுக்கினார். வேலையை விட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பயனில் பெரும்பகுதி இப்படியே கிடைத்துவிட்டது.

கும்பகோணத்துக்காரர் இதைத் தன்னைத் தனியே விட்டுப் போனதாகவே எடுத்துக்கொண்டார். அவர் செப்டம்பர் 8 அன்று வேலையிலிருந்து வெளியேறினார்.

## ஆகஸ்ட், செப்டம்பர்: விண்ணப்பமும் சான்றிதழும்

கேட் 2023 பதிவு ஆகஸ்ட் 2 அன்று தொடங்கியது. கடைசி நாள் செப்டம்பர் 13 என்று இருந்து, பிறகு 20 வரை நீட்டித்தார்கள். கட்டணம் 2,400 ரூபாய். பொதுப் பிரிவுக்கும் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) பிரிவுக்கும் ஒரே கட்டணம்தான்.

சேலத்துக்காரரிடம் பள்ளிக் காலத்தில் வாங்கிய பி.சி. சாதிச் சான்றிதழ் இருந்தது. அதுவே போதும் என்று நினைத்திருந்தார். போதாது. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று வருவது மாநிலப் பட்டியல். ஐஐஎம்-களுக்கு மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் அந்தச் சமூகம் இருக்க வேண்டும். கூடவே கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதி படைத்தோர் பிரிவில்) வரவில்லை என்று மத்திய அரசு படிவத்தில், நடப்பு நிதியாண்டில் வாங்கிய சான்றிதழ் வேண்டும். இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் வருமானம். 8 லட்ச ரூபாய் வரம்பு பெற்றோரின் வருமானத்துக்கு உரியது; விண்ணப்பிப்பவரின் சொந்தச் சம்பளம் அதில் சேராது. பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும்கூட அந்த 8 லட்சத்தில் கூட்டப்படுவதில்லை. அரசுப் பணியில் இருப்பவர்களுக்குப் பதவி நிலையை வைத்துத் தனியாகப் பார்க்கிறார்கள். தொழில் வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டு வரம்பைத் தாண்டினால்தான் கிரீமி லேயர்.

சேலத்துக்காரர் ஆகஸ்ட் கடைசியில் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தார். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று போய் கையில் வந்தது செப்டம்பர் 14 அன்று. பதிவுத் தேதி நீட்டிக்கப்படாமல் இருந்திருந்தால் பொதுப் பிரிவில்தான் விண்ணப்பித்திருப்பார். பதிவு முடிந்தபின் பிரிவை மாற்ற அனுமதி இல்லை. கும்பகோணத்துக்காரரின் சமூகமும் ஓபிசி பட்டியலில் இருந்தது. ஆனால் கடையின் வருமானம் மூன்று ஆண்டும் வரம்பைத் தாண்டியதால் பொதுப் பிரிவு. மதுரைப் பெண்ணும் பொதுப் பிரிவுதான்.

கல்லூரிப் பட்டியல் விஷயத்தில் ஒப்பந்தப்படியே போனார்கள். அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா உள்ளிட்ட எட்டு இடங்கள் கொண்ட ஒரே பட்டியல், தயாரித்தவர் கும்பகோணத்துக்காரர். அது மூவரில் யாருக்கும் பொருந்தவில்லை, அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. அகமதாபாத், பெங்களூரு போன்ற ஐஐஎம்-கள் கேட் மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களுக்கும் தனியாக எடை தருகின்றன. 82, 74 சதவீதத்தோடு, பொதுப் பிரிவில், பொறியியல் படித்த ஆண் விண்ணப்பதாரருக்கு அங்கே கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். கேட்டில் 99 பெர்சன்டைலுக்கு மேல், அதாவது எழுதியவர்களில் 99 சதவீதம் பேரை முந்தி எடுத்தாலும் அழைப்புக்கு உத்தரவாதம் இல்லை.

மறுபக்கம், தொழிற்சாலை அனுபவம் உள்ளவருக்கு மிகப் பொருத்தமான மும்பை நிறுவனம் அந்தப் பட்டியலில் இல்லை. 1963-இல் தொடங்கி நிட்டி என்ற பெயரில் உற்பத்தி, விநியோகச் சங்கிலிப் படிப்புகளுக்குப் பெயர் பெற்றிருந்த அந்த நிறுவனம் 2023-இல்தான் ஐஐஎம் மும்பை ஆனது. புதிய ஐஐஎம் என்று நினைத்து அதை அடித்துவிட்டார்கள். சென்னையிலேயே இருந்த ஐஐடி மெட்ராஸ் மேலாண்மைத் துறையையும், திருச்சி என்ஐடியையும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டும் கேட் மதிப்பெண்ணை ஏற்பவை, விண்ணப்பம் தனி. அக்டோபரில் அந்த அண்ணன் சொன்னபின் மதுரைப் பெண் மட்டும் ஐஐடி மெட்ராஸைத் தன் பட்டியலில் சேர்த்தார்.

## மாக் டெஸ்ட் காலம்: என்ன தெரிந்தது

ஆகஸ்ட் முதல் ஞாயிறுதோறும் மாக் டெஸ்ட். இரவு குழுவில் பெர்சன்டைலைப் போடுவார்கள். எண்ணைத் தவிர வேறெதுவும் அங்கே பேசப்படவில்லை.

சேலத்துக்காரர் கணக்கில் கும்பகோணத்துக்காரரைப் போலவே 17 கேள்விகளைத் தொட வேண்டும் என்று முயன்றுகொண்டிருந்தார். ஒரு தாளை எடுத்துப் பார்க்கலாம். 17 கேள்விகள் குறித்ததில் 9 சரி, 8 தவறு. எல்லாம் கழிவு உள்ள கேள்விகள் என்று வைத்தால் 27 − 8 = 19. அந்த எட்டுத் தவறில் ஆறு, கடைசி 12 நிமிடத்தில் அவசரமாகக் குறித்தவை. அந்த ஆறையும் தொடாமல் 11 மட்டும் போட்டிருந்தால் 27 − 2 = 25. குறைவாகப் போட்டால் 6 மதிப்பெண் கூடுதல். கேட்டில் இது சின்ன வித்தியாசம் அல்ல. கேட் 2023-இல் மொத்தம் 198-இல் சுமார் 40 சதவீதம் எடுத்தாலே 99 பெர்சன்டைலைத் தொடும் நிலை இருந்தது. அந்த இடத்தில் ஆறு மதிப்பெண் என்பது ஆயிரக்கணக்கான பேர்.

அக்டோபரிலிருந்து அவர் தாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரம் ஆய்வு செய்யத் தொடங்கினார். கேள்விகளை மூன்றாகப் பிரித்தார்: நேரத்துக்குள் சரியாகப் போட்டவை, போட்டிருக்க முடியும் ஆனால் பார்க்காமல் விட்டவை, தொட்டிருக்கவே கூடாதவை. மூன்றாவது வகை வாரத்துக்கு வாரம் குறைகிறதா என்பதை மட்டும் கவனித்தார். பெர்சன்டைலைக் குழுவில் போடுவதை நிறுத்திக்கொண்டார்.

கும்பகோணத்துக்காரரின் தாள்களில் வேறொரு பிரச்சினை, யாரும் பேசாமல் விட்டது. மொத்தம் 94, 95 என்று வரும். ஆனால் வி.ஏ.ஆர்.சி. 60-ஐ ஒட்டியே நிற்கும். மொத்த எண் நன்றாக இருந்ததால் குழுவில் பாராட்டு கிடைத்தது. பகுதிவாரி கட்-ஆஃப் என்று ஒன்று இருப்பது மூவருக்கும் தெரியும். மதுரைப் பெண் ஒருமுறை சொல்லவும் செய்தார். "கணக்கு தூக்கிடும்" என்று பதில் வந்தது. கணக்கு மொத்தத்தைத்தான் தூக்கும், பகுதிக் கட்-ஆஃபைத் தூக்காது. பொதுப் பிரிவில் பல ஐஐஎம்-கள் ஒவ்வொரு பகுதியிலும் 70-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ கேட்கின்றன. ஒரு பகுதியில் அதற்குக் கீழே போனால் மொத்தம் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை.

வேலையை விட்டபின் அவருக்கு நாள் முழுக்க நேரம் இருந்தது. அந்த நேரம் முழுவதும் அவர் விரும்பிய கணக்குக்கே போனது. ஜூனுக்குப் பின் ஞாயிற்றுக் கூட்டங்கள் குறைந்துவிட்டதால், ஆங்கிலப் பத்தியின் சாரத்தைச் சொல்ல ஆளும் இல்லை.

## டிசம்பர் 21: முடிவும் முறிவும்

கேட் 2023-ஐ எழுதியவர்கள் சுமார் 2.88 லட்சம் பேர். மதுரைப் பெண் 97.8: அவருக்கு மேலே சுமார் 6,300 பேர். கும்பகோணத்துக்காரர் 93.9: மேலே சுமார் 17,500 பேர். சேலத்துக்காரர் 91.6: மேலே சுமார் 24,000 பேர். கும்பகோணத்துக்காரரின் கணக்கு 99.2, வி.ஏ.ஆர்.சி. 63.

ஜனவரியில் அழைப்புகள் வரத் தொடங்கின. மதுரைப் பெண்ணுக்கும் சேலத்துக்காரருக்கும், பல புதிய ஐஐஎம்-கள் சேர்ந்து நடத்தும் பொது நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. கும்பகோணத்துக்காரருக்கு ஒன்றும் வரவில்லை. ஜனவரி 7 அன்று எழுதிய, எம்பிஏ-வுக்கான இன்னொரு நுழைவுத் தேர்வான ஸாட்டும் (XAT) கைகொடுக்கவில்லை. அதில் முடிவெடுத்தல் என்று தனிப் பகுதி உண்டு, கேட்டில் இல்லாதது. எட்டுக்கு மேல் கேள்விகளை விட்டால் ஒவ்வொன்றுக்கும் 0.10 கழியும். கேட் படிப்பே போதும் என்று போய் உட்கார்ந்தால் இரண்டிலும் அடி விழும்.

"எனக்கு 94, உனக்கு 91. உனக்கு அஞ்சு இன்டர்வியூ கால், எனக்கு ஜீரோ. சர்டிஃபிகேட் இருந்தா போதும்போல" என்று கும்பகோணத்துக்காரர் குழுவில் எழுதினார். சேலத்துக்காரர் ஒரு வார்த்தையும் எழுதாமல் குழுவிலிருந்து வெளியேறினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் ஏறக்குறைய மூன்று மாதம் பேசிக்கொள்ளவில்லை. வாடகைப் பங்கு ஜி-பேயில் போகும், அவ்வளவுதான்.

இதை மேலோட்டமாகக் கடந்துவிட முடியாது. தேர்வுக்குச் சேர்ந்து தயாராகும் நண்பர்கள் நடுவே மிக அதிகமாக உறவு முறிவது இந்த இடத்தில்தான், அதுவும் பெரும்பாலும் தவறான காரணத்துக்காக. இட ஒதுக்கீடு சட்டப்படி உள்ளது: ஓபிசி-க்கு 27 சதவீத இடம், பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கு 10. சேலத்துக்காரர் போட்டியிட்டது அவர் பிரிவில் உள்ள மற்றவர்களோடு. கும்பகோணத்துக்காரர் எடுக்கவேண்டிய இடம் எதையும் அவர் எடுக்கவில்லை. 63 பெர்சன்டைல் வி.ஏ.ஆர்.சி.யோடு பொதுப் பிரிவில் அந்த அழைப்புகள் சேலத்துக்காரர் தேர்வே எழுதாமல் இருந்திருந்தாலும் வந்திருக்காது. இதை அவருக்கு எண்களோடு எடுத்துச் சொன்னவர் மதுரைப் பெண். பிப்ரவரியில், நேரில் போய், மூன்று பகுதிகளின் கட்-ஆஃபையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அன்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்தத் தாளை வைத்திருந்தார்.

## நேர்முகத் தயாரிப்பு

பிப்ரவரி, மார்ச்சில் சேலத்துக்காரரும் மதுரைப் பெண்ணும் ஒருவரை ஒருவர் நேர்காணல் செய்து பழகினார்கள். முதல் இரண்டு முறை அந்த அண்ணன் உடனிருந்து கேட்டார். "ஏன் எம்பிஏ?" என்ற கேள்விக்கு இருவரும் சொன்ன விடை வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தது: தொழில்நுட்பத்திலிருந்து வணிகப் பக்கம் போக விரும்புகிறேன். ஓராண்டு ஒன்றாகப் படித்ததில் இலக்குகூட ஒருவருடையது மற்றவருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதன்பின் இருவரையும் பிரித்து, அறிமுகம் இல்லாதவர்களிடம் பழக வைத்தார். நண்பர் கேட்டால் கடினமான இடத்தில் நிறுத்திவிடுவார், அறிமுகமில்லாதவர் நிறுத்தமாட்டார். சேலத்துக்காரரிடம் ஒருவர், "மெக்கானிக்கல் படிச்சிட்டு மூணு வருஷமா டிக்கெட் க்ளோஸ் பண்ற வேலையா?" என்று கேட்டார். முதலில் திணறினார். பிறகு தன் பிராஜெக்ட்டில் ஒரே கோளாறுக்குத் திரும்பத் திரும்ப வந்த டிக்கெட்டுகளை (பயனர் புகார்களை) எப்படிக் கண்டுபிடித்தார், எந்த அட்டவணையை வைத்துக் குழுவை ஒப்புக்கொள்ள வைத்தார், அதன்பின் என்ன குறைந்தது என்று சொல்லக் கற்றுக்கொண்டார். உண்மையான நேர்முகத்திலும் ஏறக்குறைய இதே கேள்வி வந்தது. விசைத்தறி பற்றியும் கேட்டார்கள். ஒரு தறியில் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடும், நூல் விலை ஏறினால் கூலிக்கு நெய்பவருக்கு என்ன ஆகும் என்பதுவரை போனது. வீட்டுத் தொழில் என்று விண்ணப்பத்தில் எழுதினால் அதன் கணக்கு வழக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

## மே, ஜூன் 2024: மூன்று வெவ்வேறு முடிவுகள்

மே மாதம் இருவருக்கும் ஒரே புதிய ஐஐஎம்-இல் இடம் கிடைத்தது. மதுரைப் பெண்ணுக்கு ஐஐடி மெட்ராஸிலும் கிடைத்தது. இரண்டையும் அவர் வேண்டாம் என்றார்.

மார்ச்சில் அவர் நிறுவனத்திலேயே புராடக்ட் அனலிஸ்ட் பொறுப்பு ஒன்று காலியாகி, உள்ளுக்குள் தேர்வு நடத்தி அவரை எடுத்திருந்தார்கள். எம்பிஏ முடித்து அவர் போக நினைத்ததும் அதே வகை வேலைக்குத்தான். கணக்கையும் எழுதிப் பார்த்தார்: விடுதி, உணவு உட்பட இரண்டு ஆண்டுச் செலவு 20 லட்சத்தைத் தொடும், கையில் வரும் மாதச் சம்பளம் 75,000 என்றால் 24 மாதத்தில் விட்டுக்கொடுப்பது 18 லட்சம். 38 லட்சத்துக்கு வாங்குவது, ஏற்கெனவே கையில் இருக்கும் வேலை. இந்த முடிவுக்கும் ஒரு விலை உண்டு: கேட் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கை ஆண்டுக்கு மட்டுமே, 97.8 அத்தோடு போயிற்று. பிறகு தேவைப்பட்டால் ஐந்து ஆறு ஆண்டு அனுபவத்தோடு ஓராண்டுப் படிப்புக்குப் போகலாம் என்று ஜிமேட் (GMAT) தேர்வின் பக்கம் திட்டமிட்டார். அந்த மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும்.

சேலத்துக்காரருக்கு இது பேரிடி. அவருக்கு வேறொரு ஐஐஎம்-இலும் இடம் கிடைத்திருந்தது. மதுரைப் பெண் வருவார் என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்து முன்பணம் கட்டியிருந்தார். "நீ வருவேன்னு நம்பித்தான் இந்த காலேஜ எடுத்தேன்" என்றார். அவர் கேட்டது நியாயம்தான் என்று மதுரைப் பெண்ணும் ஒப்புக்கொண்டார்; மார்ச்சிலேயே புதிய பொறுப்பு பற்றிச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இரண்டு கல்லூரியின் பாடத்திட்டம், வேலைவாய்ப்பு அறிக்கை, கட்டணம் மூன்றையும் ஒப்பிட்டதில் பெரிய வித்தியாசம் இல்லாததால், சேலத்துக்காரர் கட்டிய இடத்திலேயே ஜூனில் சேர்ந்தார்.

அவருக்கான பணத்தில் 18 லட்சம் கல்விக் கடன். முன்னணி நிறுவனங்களுக்கென்று வங்கிகள் வைத்திருக்கும் திட்டத்தில், சொத்துப் பிணை இல்லாமல் கிடைத்தது. படிக்கும் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை முதலில் அவர் கவனிக்கவில்லை. தவணை தொடங்கும்போது கடன் வட்டியோடு 20 லட்சமாகி, 9.5 சதவீத வட்டியில் பத்து ஆண்டு என்று வைத்தால், மாதத் தவணை சுமார் 25,900 ரூபாய். அதனால் படிக்கும்போதே வட்டியை மட்டும் வீட்டிலிருந்து கட்டிவர ஏற்பாடு செய்தார். கல்விக் கடன் வட்டிக்கான வரிவிலக்கு பழைய வருமான வரிமுறையில் மட்டுமே உண்டு. புதிய முறையை எடுப்பவர்கள் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கும்பகோணத்துக்காரர் பிப்ரவரியில் இன்னொரு ஆண்டு முழுநேரமாகப் படிக்கத் தீர்மானித்திருந்தார். அப்பா மறுத்தார். ஐந்து ஆண்டு கழித்து எந்த அறையில், யாரோடு, என்ன வேலை பார்க்க வேண்டும் என்று எழுதிப் பார்த்தபோது அவர் எழுதியது முழுவதும் தொழிற்சாலை பற்றியே இருந்தது: உற்பத்தி வரிசை, சப்ளையர், சரக்கு இருப்பு. வேலையிலிருந்து விலகி இருப்பது அந்த இலக்குக்கே எதிரானது. ஏப்ரலில் ஸ்ரீபெரும்புதூரில் சப்ளையர் தரப் பொறியாளராகச் சேர்ந்தார். இடைவெளி ஏழு மாதம்; சம்பளம் பழையதைவிடக் கொஞ்சம் குறைவு.

## இரண்டாவது முயற்சி

கேட் 2024-க்கு அவர் வேலையில் இருந்தபடியே தயாரானார். கணக்குக்கு வாரம் ஒரு நாள் மட்டும். மற்ற நாட்களில் தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகும் ஐம்பது நிமிடம் முழுக்க ஆங்கிலப் பத்தி. ஒவ்வொரு பாராவையும் படித்தவுடன், திரும்பிப் பார்க்காமல், அதில் ஆசிரியர் என்ன வாதம் வைக்கிறார் என்று ஒரே வரி போனில் எழுதுவார். எழுத முடியாவிட்டால் புரியவில்லை என்று பொருள், மறுபடி படிப்பார். யாரும் சாரம் சொல்லித்தர மாட்டார்கள். முந்தைய ஆண்டு நான்கு பத்தியின் 16 கேள்விகளையும் குறித்து 7 சரியாக, 21 − 9 = 12 எடுத்துக்கொண்டிருந்தவர், மூன்று பத்தி மட்டும் எடுத்து 12-இல் 8 சரியாக, 24 − 4 = 20 எடுக்கும் நிலைக்கு அக்டோபரில் வந்தார்.

அந்த ஆண்டு டி.ஐ.எல்.ஆர். 22 கேள்விகளாகி, மொத்தம் 68 ஆனது. டிசம்பர் 19 அன்று முடிவு: மொத்தம் 97.1, வி.ஏ.ஆர்.சி. 84. பட்டியலை இம்முறை தன் அனுபவத்தையும் பழைய மதிப்பெண்களையும் வைத்துத் தானே போட்டார். உற்பத்தி மேலாண்மை வலுவாக உள்ள இடங்கள் மட்டும். நேர்முகத்தில் ஏழு மாத இடைவெளி பற்றிக் கேட்டார்கள். தேர்வுக்காக விட்டேன், போதவில்லை, திரும்பி வேலைக்குப் போனேன் என்று நேராகச் சொன்னார். காத்திருப்புப் பட்டியலில் இருந்து, 2025 ஜூனில் ஓரிடம் கிடைத்தது.

சேலத்துக்காரரோடு பேச்சு மீண்டது 2024 மே மாதம், தாம்பரம் வீட்டைக் காலி செய்து அட்வான்ஸைப் பிரித்த நாளில். "நான் எழுதினது தப்பு மச்சான்" என்று கும்பகோணத்துக்காரர் சொன்னார். சேலத்துக்காரர் தன் ஆங்கிலக் குறிப்புகளை அவரிடம் விட்டுப் போனார். இப்போது பேசிக்கொள்கிறார்கள், பழைய நெருக்கம் இல்லை என்று இருவருமே சொல்கிறார்கள்.

## மீண்டும் செய்தால் எதை மாற்றலாம்

சேர்ந்து படிப்பதை விடத் தேவையில்லை. ஞாயிற்றுக் கூட்டம் இல்லாமல் இவர்களில் இருவராவது ஏப்ரலில் நின்றிருப்பார்கள். ஆனால் பலவீனமான பகுதியைத் தனியாகவும், பலமான பகுதியைச் சேர்ந்தும் படிப்பது என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இவர்கள் செய்தது நேர் எதிர்.

கல்லூரிப் பட்டியலை ஜூன் மாதத்துக்குள் ஒவ்வொருவரும் தனியாகப் போட வேண்டும். பத்து, பன்னிரண்டு, பட்டப்படிப்பு மதிப்பெண், பிரிவு, வேலை அனுபவம், போக நினைக்கும் துறை ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு நிறுவனமும் வெளியிடும் சேர்க்கை விதியோடு வரிவரியாக ஒப்பிட்டால் அரை நாள் வேலை. அதைச் செய்திருந்தால் கும்பகோணத்துக்காரருக்கு ஓராண்டு மிச்சம்.

மாக் டெஸ்ட் பெர்சன்டைலைக் குழுவில் பகிர்வதை விட்டு, தொட்டிருக்கக் கூடாத கேள்விகள் எத்தனை என்பதைப் பகிரலாம். அந்த எண்ணில் போட்டி வந்தால் நல்லதுதான்.

ராஜினாமா பற்றிய முடிவில் நண்பர்களுக்கு வாக்கு இருக்கக் கூடாது. நோட்டீஸ் காலத்தைக் கழித்தபின் உண்மையில் கிடைக்கும் வாரங்கள், கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும், ஷிஃப்ட் மாற்றமும் விடுப்பும் கேட்டாயிற்றா என்ற மூன்றையும் பார்த்தபின்தான் கடிதம். ஓபிசி சான்றிதழுக்கு ஏப்ரல் பிறந்ததும் விண்ணப்பித்துவிட வேண்டும். சேரும்போது மறுபடி அந்த நிதியாண்டுச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதால், இடம் கிடைத்தவர்கள் அடுத்த ஏப்ரலிலும் ஒருமுறை இ-சேவை மையத்துக்குப் போக வேண்டியிருக்கும்.